கட்டிதட்டிப் போன கேலக்ஸிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பெங்களூரு நேரு கோளரங்கத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கேலக்ஸி. அதில் சுருள் கைகள் இல்லை, நடுவில் மஞ்சளாக மின்னும் மையமும் இல்லை. வெளிறிய புகைபோல ஒரு தட்டு, அதன்மேல் ஐந்தாறு நீலப் பொட்டுகள், அவ்வளவுதான். படத்துக்குக் கீழே "இரண்டு கேலக்ஸிகள் மோதிச் சிதறிய காட்சி" என்று யாரோ எழுதியிருந்தார்கள். "அப்படியாண்ணா?" என்று கேட்டாள். பக்கத்து சீட்டுப் பையன் முந்திக்கொண்டு, "இல்ல, அப்பல்லாம் ஈர்ப்பு விசை ஜாஸ்தி, அதான் உருண்டு உருண்டு போச்சு" என்றான்.

இரண்டும் சரியில்லை, ஆனால் இரண்டையும் பெரியவர்களே நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஈர்ப்பு விசையின் அளவு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். மோதல் எல்லாப் படத்துக்கும் காரணமும் இல்லை. அந்தத் தட்டு தன் எடையாலேயே துண்டு துண்டாகத் திரண்டுகொண்டது. அது எப்படி என்று பஸ் அல்சூர் வந்து சேர்வதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே நிதானமாகச் சொல்கிறேன். கணக்கு வேண்டாம், வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் படத்தைச் சரியாகப் பார்ப்போம்

கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களும் வாயுவும் தூசியும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு சேர்ந்திருக்கும் ஒரு பெருங்கூட்டம். நாம் இருக்கும் பால்வீதி அப்படி ஒன்று. பால்வீதி ஒரு தோசை மாதிரி தட்டையானது. எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன. இந்த வகையைத் தட்டு கேலக்ஸி என்பார்கள். சூரியன் விநாடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் ஓடியும் ஒரு சுற்று முடிக்க 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

2004 மார்ச்சில் ஹப்பிள் தொலைநோக்கியின் ஒரு படம் வெளியானது. வானத்தில் மிகச் சின்ன ஒரு இடத்தை, மொத்தமாகப் பத்து லட்சம் விநாடிக்குப் பக்கமாக வெறித்துப் பார்த்து எடுத்தது. வெறுமையாகத் தெரிந்த அந்த இடத்தில் சுமார் 10,000 கேலக்ஸிகள் இருந்தன. தூரத்தில் இருப்பவற்றின் ஒளி நம்மை வந்து சேர வெகுகாலம் ஆகும், ஆகவே தூரமாகப் பார்ப்பது பழைய காலத்தைப் பார்ப்பதுதான். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். அந்தப் படத்தில் இருப்பவற்றில் பல, அதன் முதல் 300, 400 கோடி ஆண்டுகளைச் சேர்ந்தவை.

அவற்றில் நாம் இன்றைக்குப் பார்க்கிற மாதிரி அழகான சுருள்கள் குறைவு. நிறைய கேலக்ஸிகளில் பெரிய பெரிய ஒளிப்பொட்டுகள் இருந்தன. டெப்ரா எல்ம்கிரீன், புரூஸ் எல்ம்கிரீன் என்ற வானியலாளர் தம்பதி இவற்றை ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார்கள். அதற்கு முன்பே 1995-ல், வேறு வானியலாளர்கள் மணி கோத்ததுபோல் வரிசையாகப் பொட்டுகள் கொண்ட கேலக்ஸிகளைக் கண்டு 'சங்கிலி கேலக்ஸி' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த இரண்டு வகையும் வேறு வேறா?

ஒரு இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து பார்த்தால் வட்டத்துக்குள் தனித்தனியாக ஐந்து இட்லி. கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்த்தால், எல்லாம் ஒரே கோட்டில் வரிசையாகத் தெரியும். தட்டு ஒன்றுதான், பார்க்கிற கோணம்தான் வேறு. சங்கிலிகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் தெரிகிற பொட்டுத் தட்டுகளே என்று எல்ம்கிரீன் தம்பதி காட்டினார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் புதிய கருவி எதுவும் வராமலே, எத்தனை சங்கிலி, எத்தனை வட்டம் என்று எண்ணிப் பார்த்தே வந்த தெளிவு இது.

இனிமேல் அந்தப் பொட்டுகளைக் கட்டி என்றே சொல்கிறேன். கட்டி என்றால் ஒரு பெரிய நட்சத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டியும் சில நூறு முதல் சில ஆயிரம் ஒளியாண்டு அகலமுள்ள ஒரு பிரசவ அறை; உள்ளே வாயு நிறைந்திருக்க, புது நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறந்துகொண்டிருக்கும். பெரிய கட்டி ஒன்றின் நிறை 10 கோடி சூரியன்கள், சில சமயம் 100 கோடி சூரியன்கள்கூட இருக்கும்.

இதுவரை: பழைய தட்டு கேலக்ஸிகள் வழவழப்பாக இல்லை, அவற்றில் சில பெரிய கட்டிகள் இருந்தன, அந்தக் கட்டிகள் நட்சத்திரம் பிறக்கும் இடங்கள்.

நிலையின்மை என்றால் இடிந்து விழுவது இல்லை

இந்தக் கட்டிகள் 'ஈர்ப்பு நிலையின்மை'யால் உண்டாயின என்று படிப்போம். நிலையின்மை என்றதும் ஏதோ ஆட்டம் கண்டு சரியப்போகிறது என்று தோன்றிவிடுகிறது. இயற்பியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு.

ஒரு கிண்ணத்துக்குள் கோலிக்குண்டைப் போட்டு லேசாகத் தட்டுங்கள். ஆடி அசைந்து மறுபடி அடியில் வந்து நிற்கும். அதே கிண்ணத்தைக் கவிழ்த்து உச்சியில் கோலியை வைத்தால், மூச்சு பட்டாலே உருண்டு போய்விடும். சின்னத் தள்ளல் தானாக அடங்கிவிட்டால் அந்த அமைப்பு நிலையானது. சின்னத் தள்ளல் தானாகவே பெரிதாகிக்கொண்டு போனால் அது நிலையற்றது. நிலையின்மை என்பது இவ்வளவுதான்.

கேலக்ஸித் தட்டில் சின்னத் தள்ளல் என்றால், ஏதோ ஒரு இடத்தில் வாயு பக்கத்து இடத்தைவிடத் துளி அதிகமாக இருப்பது. அதிகம் இருந்தால் ஈர்ப்பு அதிகம். ஈர்ப்பு அதிகமானால் சுற்றியிருக்கும் வாயு வந்து சேரும். சேர்ந்தால் ஈர்ப்பு இன்னும் அதிகம். சாயங்காலம் சிவாஜிநகரில் ரோட்டோரமாக ஒருவர் பொம்மை விற்கிறார் என்று வையுங்கள். இரண்டு பேர் நின்று பார்க்கிறார்கள், அவர்கள் நிற்பதைப் பார்த்து மூன்றாவது ஆள் நிற்கிறார், அந்த மூன்று பேரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர், கொஞ்ச நேரத்தில் ஆட்டோ போக வழியில்லை. கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கிறது.

ஆனால் அதே பொம்மைக்காரர் காலை ஒன்பது மணிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில், எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நேரத்தில் உட்கார்ந்தால்? திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் நிற்பதற்குள் கடந்து போயிருப்பார்கள். பஸ்ஸில் அந்தப் பெண் அடுத்துக் கேட்டதும் இதைப் பற்றித்தான்: "ஈர்ப்பு எல்லாத்தையும் இழுக்குதுன்னா ஏன் எல்லாமே ஒரே கட்டியாகிப் போகல?" சரியான கேள்வி. ஈர்ப்பு எப்போதும் இழுக்கத்தான் செய்யும். எதிர்த்து நிற்கிறவை யாவை, அவை எப்போது தோற்கும் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ராகி மாவைக் கரைக்கும்போது கட்டிதட்டிப் போகிறதே, அந்தச் சொல்லை எடுத்துத்தான் தலைப்பு வைத்தேன். ஒப்புமை அந்தச் சொல்லோடு சரி. மாவில் ஈரம் ஒட்டவைக்கிறது. கேலக்ஸியில் பசை எதுவும் கிடையாது; தன் எடைதான் சேர்த்துவைக்கிறது. இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

எதிர்த்து நிற்பவை இரண்டு

முதலாவது, தாறுமாறான ஓட்டம். தட்டில் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றினாலும், அந்த ஒழுங்கான சுழற்சிக்கு மேலே, வாயு மேகங்கள் அங்குமிங்கும் கொஞ்சம் அலைந்துகொண்டே இருக்கும். இந்த அலைச்சலின் அளவுக்கு வேகச்சிதறல் என்று பெயர். பால்வீதி வாயுவில் இது விநாடிக்கு 10 கி.மீ. அளவு. மெஜஸ்டிக் கூட்டம்தான் இது: ஒரு சின்னத் திட்டு வாயு தன் எடையால் சுருங்க ஒரு கால அளவு பிடிக்கும், அந்தத் திட்டைக் கடந்து வெளியே போக வாயுவுக்கு ஒரு கால அளவு பிடிக்கும். திட்டு சின்னதாக இருந்தால் வாயு முன்னாடியே கடந்து போய்விடும், கட்டி உண்டாகாது. திட்டு பெரிதாகப் பெரிதாக, கடக்கிற தூரமும் கூடும், இழுக்கிற எடையும் கூடும். ஒரு அளவுக்கு மேல் ஈர்ப்பு ஜெயித்துவிடும். சுற்றாத வாயுவுக்கு இந்தக் கணக்கை 1902-லேயே ஜேம்ஸ் ஜீன்ஸ் போட்டுவிட்டார்.

அவர் கணக்கு மட்டும் என்றால், போதுமான அளவு பெரிய திட்டு எல்லாமே சுருங்கிவிட வேண்டும். தட்டு முழுவதும் ஒரே உருண்டையாகிவிடும். அதைத் தடுப்பது இரண்டாவது எதிரி, சுழற்சி.

கண்டீரவா மைதானத்து ஓட்டப் பாதையில் எட்டுப் பேர் கைகோத்து ஒரே கோட்டில் நின்று, எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் பாதையில் வளைவின் தூரம் குறைவு, ஆகவே உள்ளே ஓடுகிறவர் முன்னே போய்விடுவார், வெளியே ஓடுகிறவர் பின்தங்குவார், கை விட்டுப்போகும். கேலக்ஸித் தட்டிலும் பெரும்பகுதியில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன, உள்வட்டம் சின்னது, வெளிவட்டம் பெரியது. ஒரு பெரிய திட்டின் உள்ஓரம் முன்னே ஓட, வெளிஓரம் பின்னே இழுபட, திட்டு கிழிந்து நீண்டுபோகும்.

கிழியாமல் சுருங்கத் தொடங்கினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆபீஸில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு கையை நீட்டிக்கொண்டு சுற்றிப்பாருங்கள், பிறகு கையை மார்போடு சேருங்கள். சட்டென்று வேகம் கூடும். பள்ளியில் கோண உந்தம் என்று படித்தது இதைத்தான்: சுற்றுகிற பொருள் சுருங்கினால் வேகமாகச் சுற்றும். தட்டில் இருக்கும் ஒவ்வொரு திட்டுக்கும் தனக்கென்று மெல்லிய சுழற்சி உண்டு. சுருங்கச் சுருங்க அது வேகமெடுத்து, உள்ளே விழுகிற வாயுவை வெளிப்பக்கம் தள்ளும். திட்டு பெரிதாக இருந்தால் இந்தத் தள்ளலும் பெரிது.

ஆக, சின்னத் திட்டை வேகச்சிதறல் காப்பாற்றும், மிகப்பெரிய திட்டைச் சுழற்சி காப்பாற்றும்.

நடுவில் மாட்டிக்கொள்ளும் அளவு

அப்படியென்றால் நடுத்தர அளவுத் திட்டுக்கு யார் துணை? தட்டில் வாயு லேசாக இருந்தால் இரண்டு காவலும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், எந்த அளவுக்கும் ஆபத்தில்லை. வாயுவின் கனம் கூடினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் மாட்டுகிற அளவு எதுவோ அந்த அளவுத் திட்டுகள்தான் கட்டியாகும்.

எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த அலார் டூம்ரே, 1964-ல் வெளியிட்ட கட்டுரையில் சுழலும் நட்சத்திரத் தட்டுக்கு இதை ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டினார். வாயுவுக்கும் அதேபோல ஒரு எண் உண்டு. டூம்ரே எண் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு பின்னம். மேலே காவல்காரர்கள்: வேகச்சிதறலும் சுழற்சியும், பெருக்கி. கீழே ஈர்ப்பின் பக்கம்: ஒரு சதுர அளவு தட்டில் எவ்வளவு நிறை இருக்கிறது என்பது, இதற்குப் பரப்படர்த்தி என்று பெயர். எண் 1-க்கு மேலே வசதியாக இருந்தால் தட்டு அமைதியாக இருக்கும். 1-க்குக் கீழே இறங்கினால் கட்டி உண்டாகத் தொடங்கும்.

நிஜத் தட்டில் நட்சத்திரமும் உண்டு, வாயுவும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நிலையானவைபோலத் தெரியும், ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் ஈர்ப்பு இன்னொன்றுக்கு உதவி, தட்டு நிலையற்றதாகிவிடலாம். இந்தக் கணக்கை 1984-ல் போட்டவர்கள் சந்தா ஜோக், பிலிப் சாலமன் இருவரும். சந்தா ஜோக் பின்னாளில் இங்கேதான், நாம் பஸ்ஸில் டாடா இன்ஸ்டிட்யூட் ஸ்டாப் என்று சொல்கிற இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியராக இருந்தார். எத்தனை தடவை அந்த ஸ்டாப்பைக் கடந்து போயிருக்கிறேன்! பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் கண்ணில் வந்த ஆச்சரியத்துக்காகவே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

சுருக்கமாக: ஈர்ப்புக்கு எதிராக இரண்டு காவல், ஒன்று சின்ன அளவுக்கு, ஒன்று பெரிய அளவுக்கு. தட்டு கனத்தால் நடுவில் காவல் இல்லாத ஒரு அளவு உண்டாகும். டூம்ரே எண் அதைத்தான் சொல்கிறது.

அந்தக் காலத்துத் தட்டில் என்ன வித்தியாசம்

வாயு. இன்றைய பால்வீதித் தட்டில் நட்சத்திரமும் வாயுவும் சேர்ந்த நிறையில் வாயுவின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். மிச்சமெல்லாம் ஏற்கெனவே நட்சத்திரமாகிவிட்டது. 1,000 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தட்டுகளில் வாயு பாதிக்குப் பாதி அளவு இருந்தது என்று 2010 வாக்கில் வந்த ரேடியோ அளவீடுகள் காட்டின. அதோடு, கேலக்ஸிகளுக்கு இடையே ஓடும் இழைகள் வழியாகக் குளிர்ந்த வாயு புதிதாக வந்து கொட்டிக்கொண்டே இருந்தது. பரப்படர்த்தி இன்றைக்கு இருப்பதைப்போல 10 மடங்கு, 20 மடங்கு. பின்னத்தின் கீழ்ப்பகுதி ஒரேயடியாகப் பெருத்துவிட்டது.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் வருகிறது, கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். பழைய தட்டுகள் அமைதியாக இருந்திருக்கும், அதனால்தான் வாயு திரண்டது என்று நினைக்கத் தோன்றும். அளந்து பார்த்தால் நேர்மாறு. அவற்றின் வேகச்சிதறல் விநாடிக்கு 30 முதல் 80 கி.மீ. வரை. நம் பால்வீதியைப்போல ஐந்து மடங்கு கொந்தளிப்பு! காவல்காரர் ஒருவர் ஐந்து மடங்கு பலசாலி ஆகியும் தட்டு ஏன் கட்டிதட்டியது?

பின்னத்தைப் பாருங்கள். மேலே ஐந்து மடங்கு கூடினாலும் கீழே பத்து, இருபது மடங்கு கூடிவிட்டது, எண் 1-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அது பாதிப் பதில். மீதிப் பாதி இன்னும் அழகானது. கொந்தளிப்பு கூடினால் சின்னத் திட்டுகள் எதுவுமே சுருங்க முடியாது, வாயு ஓடிக் கலைந்துவிடும். அவ்வளவு வேகமாக ஓடுகிற வாயுவைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் திட்டு மிகப் பெரிதாக, மிகக் கனமாக இருக்க வேண்டும். ஆகவே சுருங்க முடிகிற ஒவ்வொன்றும் ராட்சத அளவில்தான் இருக்கும்.

கணக்கு இப்படி வருகிறது: கட்டியின் நிறை, வேகச்சிதறலை நான்கு முறை பெருக்கி, பரப்படர்த்தியால் வகுத்தால் வருகிற அளவில் கூடும். வேகச்சிதறல் ஐந்து மடங்கு என்றால் 5 × 5 × 5 × 5, அதாவது 625. பரப்படர்த்தி பத்து மடங்கு என்றால் அதால் வகுத்துச் சுமார் 60. பால்வீதியில் மிகப் பெரிய வாயுத் திரள்கள் ஒரு கோடி சூரியன் அளவு. அதைப்போல 60 மடங்கு என்றால் 60 கோடி சூரியன். ஹப்பிள் படங்களில் பார்த்த ராட்சதக் கட்டிகள் இந்த அளவைத்தான் சுற்றி இருக்கின்றன.

ராகி மாவு ஒப்புமையில் விட்டுவைத்தது இதுதான். மாவைக் கலக்கினால் கட்டி உடைந்து சின்னதாகும். கேலக்ஸியில் கலக்கம் கூடினால் கட்டிகளின் எண்ணிக்கை குறைந்து, அளவு பெருகும். நூற்றுக்கணக்கான சின்ன மேகங்களுக்குப் பதிலாக ஐந்தோ பத்தோ ராட்சதக் கட்டிகள்.

இன்னொன்று. இந்தத் தட்டுகள் டூம்ரே எண் 1-ன் பக்கத்திலேயே தங்களை வைத்துக்கொள்கின்றன. வாயு வந்து கொட்டி எண் இறங்கினால் கட்டிகள் உண்டாகும். கட்டிகள் ஒன்றையொன்று இழுத்தும், உள்ளே பிறந்த நட்சத்திரங்கள் வெடித்தும் வாயுவைக் கலக்கும். கலக்கம் எண்ணை மேலே ஏற்றும். கட்டி உண்டாவது மட்டுப்படும். புது வாயு வரும், எண் மறுபடி இறங்கும். பானையில் பொங்குகிற பாலுக்கு அடுப்பைக் கூட்டிக் குறைப்பதுபோல, ஆனால் இங்கே அதைத் தட்டே செய்துகொள்கிறது.

மோதல் இல்லை என்று எப்படித் தெரியும்

மோதினாலும் வாயு நசுங்கிப் பொட்டுப் பொட்டாக ஒளிரும். அப்படிப்பட்ட கேலக்ஸிகளும் நிச்சயமாக உண்டு. படத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். வேகத்தை அளந்தால் பிரிக்கலாம். நம்மை நோக்கி வருகிற பொருளின் ஒளி சற்று நீலப்பக்கம் நகரும், விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். ரயில் வரும்போது ஹாரன் ஒரு சுருதி, தாண்டிப் போனதும் வேறு சுருதி கேட்கிறதே, அதே காரணம். கேலக்ஸியின் ஒவ்வொரு புள்ளியிலும் இதை அளந்து, ஒரு ஓரம் வருகிறது, எதிர் ஓரம் போகிறது, நடுவில் சீராக மாறுகிறது என்றால் அது சுற்றுகிற ஒரே தட்டு. மோதிக்கொண்டிருந்தால் இந்த வரைபடம் குழம்பிக் கிடக்கும்.

சிலி நாட்டில் பரனால் மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கியில், சின்ஃபோனி என்ற கருவியால் ரைன்ஹார்ட் கென்செல் குழு இப்படி அளந்து, 2006-ல் ஒரு பழைய கேலக்ஸியின் வரைபடத்தை வெளியிட்டது. மோதலின் அடையாளமே இல்லாத, ஆனால் கொந்தளிப்பான, சுற்றும் தட்டு. கருந்துளை ஆய்வுக்காக 2020-ல் நோபல் வாங்கினாரே, அதே கென்செல்தான். அடுத்தடுத்து அளந்த கேலக்ஸிகளிலும் கணிசமானவை இதே மாதிரி இருந்தன.

படத்தைப் பார்க்கும்போது இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வெகுதூரத்து கேலக்ஸியின் புறஊதா ஒளி, பிரபஞ்சம் விரிவதால் நீண்டு, நம்மை வந்து சேரும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறியிருக்கும். புறஊதாவில் பளிச்சென்று எரிவது இளம் நட்சத்திரங்கள் மட்டுமே. அதனால் ஹப்பிள் படத்தில் கட்டிதான் எல்லாம் என்பதுபோலத் தெரியும். அகச்சிவப்பில் பார்த்து நிறையைக் கணக்கிட்டால், கட்டிகளுக்கு நடுவே பரவியிருக்கும் மங்கலான தட்டில்தான் பெரும்பாலான நட்சத்திரங்கள் இருக்கின்றன. இட்லியைவிடத் தட்டு கனம்.

கட்டிகள் அப்புறம் என்ன ஆயின

இதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை, இரண்டு தரப்பையும் சொல்கிறேன்.

ஒரு தரப்பு, கட்டிகள் மையத்துக்கு நகர்ந்து போய்ச் சேர்ந்தன என்கிறது. அதற்கு அடிப்படையான கணக்கு நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1943-ல் போட்டது. ஒரு கனமான பொருள் நட்சத்திரக் கூட்டத்துக்கு ஊடே போனால், அதன் ஈர்ப்பால் நட்சத்திரங்கள் அதன் பின்னால் கொஞ்சம் கூடிவிடும், கூடியவை அதைப் பின்னுக்கு இழுக்கும். இதற்கு இயக்க உராய்வு என்று பெயர். திருவிழாக் கூட்டத்தில் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறவரை நினைத்தால் அந்த இழுபறி தெரியும். வேகம் குறைந்த கட்டி சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும், சில பத்துக் கோடி ஆண்டுகளில் மையத்தை அடையும். அப்படிச் சேர்ந்த கட்டிகள்தான் இன்று பல சுருள் கேலக்ஸிகளின் நடுவில் தெரிகிற பருத்த புடைப்பு என்பது இவர்கள் வாதம். 1990-களின் கடைசியில் நோகுச்சி கணினியில் செய்துபார்த்து இதைக் காட்டினார், பிறகு பூர்னோ, டெக்கெல் போன்றவர்கள் விரிவாக்கினார்கள்.

மற்றத் தரப்பு, கட்டி அவ்வளவு நாள் தாங்காது என்கிறது. உள்ளே பிறக்கிற பெரிய நட்சத்திரங்களின் ஒளியும் காற்றும் வெடிப்பும் வாயுவை ஊதித் தள்ளிவிடும். சில கோடி ஆண்டுகளில் கட்டி கலைந்து நட்சத்திரங்கள் தட்டில் பரவிவிடும்.

அளவீட்டில் தெரிவது, மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டிகள் சிவந்தும் வயது கூடியும் இருக்கின்றன, ஓரத்தில் இருப்பவை இளசாக இருக்கின்றன. நகர்ந்து வந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தட்டே நடுவில் வயதானதாக இருந்தால் அதன் பின்னணி ஒளி கலந்தும் இப்படித் தெரியலாம். என் மனம் முதல் தரப்பின் பக்கம் சாய்கிறது, குறைந்தது கனமான கட்டிகளுக்காவது. சின்னவை கலைந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். பால்வீதியின் மெல்லிய தட்டைச் சுற்றி, வயதான நட்சத்திரங்களால் ஆன தடித்த தட்டு ஒன்று உண்டு. அதுவும் இப்படிப்பட்ட கொந்தளிப்புக் காலத்தின் மிச்சமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது.

இன்றைய கேலக்ஸிகளில் ராட்சதக் கட்டிகள் அரிது என்பதற்குக் காரணம் இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். வாயு செலவாகிவிட்டது, புது வரத்து குறைந்துவிட்டது, கொந்தளிப்பு அடங்கிவிட்டது. பால்வீதியில் இன்றும் வாயு திரள்கிறது, நட்சத்திரம் பிறக்கிறது, ஆனால் சின்ன மேகங்களில்.

ஒரு திராட்சைக் கொத்து

ஹப்பிள் பார்த்த ராட்சதக் கட்டி ஒவ்வொன்றும் நிஜமாகவே ஒரே கட்டிதானா என்ற சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. தூரத்தில் வருகிற காரின் இரண்டு விளக்கு ஒன்றாகத் தெரிவதுபோல, பல சின்னக் கட்டிகள் மங்கி ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். இதைத் தீர்க்க இயற்கையே ஒரு பூதக்கண்ணாடி தருகிறது: நடுவில் இருக்கும் கேலக்ஸிக் கூட்டம் தன் ஈர்ப்பால் பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டும். அப்படிப் பார்த்த இடங்களில் பெரிய கட்டிகள் பல சின்னவையாகப் பிரிந்தன. ராட்சத அளவு என்று மேலே சொன்ன நிறைகளில் சில, இதனால் குறைந்தும் போயின.

2025-ல் ஒரு கேலக்ஸியின் படம் வெளியானது. திராட்சைக் கொத்து என்று செல்லப்பெயர். பெருவெடிப்புக்குப் பின் 93 கோடி ஆண்டுகள்தான் ஆகியிருந்த காலத்தைச் சேர்ந்தது. பழைய ஹப்பிள் படத்தில் அது வழவழப்பான ஒரே தட்டு. இந்தப் பூதக்கண்ணாடி வழியாக ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் அல்மா ரேடியோ தொலைநோக்கியும் பார்த்தபோது, சீராகச் சுற்றுகிற அந்தத் தட்டுக்குள் குறைந்தது 15 கட்டிகள் இருந்தன. இப்போது நம்மிடம் இருக்கும் கணினி மாதிரிகள் அவ்வளவு கட்டிகளை உண்டாக்குவதில்லை. நட்சத்திரங்கள் வாயுவை ஊதித் தள்ளும் வேகத்தை அந்த மாதிரிகள் கூடுதலாக வைத்திருக்கின்றனவா, அந்தக் காலத்து வாயு வேறு மாதிரி நடந்துகொண்டதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் போனுக்கு இந்தப் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். "அப்ப வழவழன்னு தெரிஞ்ச மத்த கேலக்ஸியெல்லாம்?" என்று உடனே பதில் வந்தது.